நிக்கோபார் புறாவுக்கு ஒரு தீவு போதாது

கேள்வி: அழிந்துபோன டோடோ பறவைக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா என்று படித்தேன். அது எப்படிப்பட்ட காட்டில், எப்படி வாழ்கிறது? கிரேட் நிக்கோபாரில் துறைமுகத் திட்டம் வந்தால் அது அழிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தீவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் அப்படியே இருக்கப்போகிறதே, அந்தக் காடு போதாதா? இதை இந்தியாவில் எங்கே பார்க்கலாம்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோடோவோடு சொந்தம் என்பது உண்மைதான், ஆனால் செய்திகளில் வருவதைவிட ரொம்பத் தூரத்துச் சொந்தம். ஒரு துறைமுகத்தால் இந்த இனம் உலகத்திலிருந்தே போய்விடாது. அதே சமயம் "மிச்சக் காடு போதாதா" என்ற கணக்கு இந்தப் பறவைக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஏன் என்று புரிய அது ஒரு நாளை எப்படிக் கழிக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பறவையைப் பற்றி முதலில். நம் ஊர்க் கோயில் கோபுரங்களில் அடையும் மாடப்புறாவைவிடப் பெரியது. நீளம் சுமார் 40 சென்டிமீட்டர், எடை அரைக் கிலோ அளவில் இருக்கும். தலை கருஞ்சாம்பல். கழுத்திலிருந்து சேவலுக்கு இருப்பதுபோல நீண்ட, கூரான இறகுகள் தோளின் மேல் தொங்கும். உடம்பு முழுக்க உலோகப் பச்சை, அதற்குள் செம்பும் வெண்கலமும் நீலமும் மாறி மாறி மின்னும். இந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அடர்ந்த நிழலில் தரையில் நிற்கும்போது இது வெறும் கறுப்புப் பறவை. ஒரு கீற்று வெயிலுக்குள் கால் வைத்தால்தான் நிறம் தெரியும்.

வால் மட்டும் இந்த அலங்காரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டையாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்த வாலைப் பிறகு பார்ப்போம், அது முக்கியம். அலகின் அடியில் ஒரு கறுப்புக் குமிழ் உண்டு, ஆணுக்கு அது பெரிது. பெண் சற்றுச் சிறியது, கழுத்து இறகும் குட்டை. இளம் பறவைக்கு அந்தத் தொங்கும் இறகும் கிடையாது, வெள்ளை வாலும் கிடையாது. அதன் வால் கறுப்பாக இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் காட்டுப் புறாக்களைப் பற்றி எழுதுகிற பலரும் சறுக்குகிற இடம் இது. "பழம் தின்னும் புறாக்கள் விதை பரப்பிக் காட்டை வளர்க்கின்றன" என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிடுவார்கள். சில புறாக்களுக்கு அது முழு உண்மை. இம்பீரியல் புறாக்கள் என்ற கூட்டம் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, அந்தமான் நிக்கோபாரிலும் உண்டு. அவை வாயை அகலத் திறந்து காட்டு ஜாதிக்காய் மாதிரியான பெரிய கனிகளை முழுசாக விழுங்கும். மேல் சதையைச் செரித்துக்கொண்டு கொட்டையைச் சேதமில்லாமல் வேறெங்கோ வெளியேற்றும். மரத்துக்கும் லாபம், புறாவுக்கும் லாபம்.

நிக்கோபார் புறாவின் வழி வேறு. இது பெரும்பாலும் தரையில் மேயும் பறவை. தனியாகவோ சில பறவைகளாகவோ இலைக்குப்பைக்குள் நடந்து, சருகைப் புரட்டி, விழுந்த கனிகளையும் விதைகளையும் பொறுக்கும். பொறுக்கிய விதையை அது பரப்புவதில்லை, அரைத்துத் தின்றுவிடுகிறது. வீட்டில் கோழி அறுக்கும்போது தடித்த தசையால் ஆன ஒரு பை வருமே, உள்ளே பொடிக் கற்கள் கிடக்கும், அதுதான் அரைவைப்பை. பல்லில்லாத பறவைக்கு அதுதான் பல். நிக்கோபார் புறாவுக்கு அந்தப் பை அசாத்தியமான வலு கொண்டது. உட்சுவர் கொம்புப் பொருள்போல் இறுகியிருக்கும், உள்ளே ஒரு கல்லும் இருக்கும். மற்றப் பறவைகள் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும் கெட்டியான கொட்டைகளைக்கூட இது உள்ளே தள்ளி நொறுக்கிவிடும். பொடி விதைகளில் ஒன்றிரண்டு தப்பலாம். மற்றபடி அந்த மரத்தைப் பொறுத்தவரை இந்தப் புறா வந்தால் நஷ்டம்தான்.

இதைச் சொல்வதால் பறவையின் மதிப்பு குறையவில்லை. விதை தின்பவையும் காட்டின் கணக்கில் உண்டு. ஒரே மரத்தடியில் ஆயிரக்கணக்கில் கொட்டும் கொட்டைகள் எல்லாமே முளைத்தால் காடு காடாக இருக்காது. ஒரு பறவையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது நமக்கோ மரத்துக்கோ சேவை செய்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே எனக்கு உவப்பில்லாத ஒன்று, அது இருக்கட்டும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தரையில் விழுந்ததை நம்பிப் பிழைக்கும் பறவைக்கு எந்தத் தீவில் எந்த மாதம் எந்த மரம் கொட்டுகிறது என்பதுதான் வாழ்க்கை. ஒரு சின்னத் தீவில் கொட்டுகிற மரங்கள் கொஞ்சம்தான். தீர்ந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டும்.

இந்தப் புறா செய்வது அதைத்தான். இரவு தங்குவதும் கூடு கட்டுவதும் ஓரிடம், பகலில் மேய்வது வேறிடம். தங்குவதற்கு அது தேர்ந்தெடுப்பது கரையிலிருந்து தள்ளியிருக்கும், மரம் அடர்ந்த, மனிதரில்லாத குட்டித் தீவுகளை. அங்கே பாம்பு, பூனை, எலி போன்ற தொல்லைகள் இல்லை அல்லது குறைவு. ஆனால் அவ்வளவு சின்ன இடத்தில் கூட்டத்துக்கே தீனி கிடைக்காது. அதனால் பகலில் கடலைத் தாண்டிப் பெரிய தீவுகளின் காடுகளுக்குப் போகும், மாலையில் திரும்பும். தீனி இருந்தால் மனிதர் வசிக்கும் இடத்துக்கு அருகிலும் வந்து மேயும், அப்படியொன்றும் கூச்சப்படாது.

பறப்பதிலும் ஒரு தனி வழக்கம். மற்றப் புறாக்கள் கலைந்த கூட்டமாகப் பறக்கும். இது ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் பறக்கும், நல்ல வேகத்தில். கடல் தாண்டுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். வெளிச்சம் மங்கிய அந்த நேரத்தில், கரும்பச்சை உடம்பு கடல் நிறத்தோடு கரைந்துவிடும்போது, முன்னே போகிற பறவையின் வெள்ளை வால் மட்டும் பின்னால் வருவதன் கண்ணுக்குத் தெரியும். கூட்டம் பிரியாமல் போக அது உதவுகிறது என்பது பறவையியலாளர்களின் விளக்கம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. இளம் பறவைக்கு ஏன் கறுப்பு வால் என்பதற்கும் இதோடு சேர்த்து ஒரு விளக்கம் சொல்கிறார்கள். இவன் இன்னும் இணைசேரும் வயதில்லை, போட்டியாளனும் இல்லை, இவன் பின்னால் போனால் சரியான தீவுக்குப் போய்ச் சேரலாம் என்ற உத்தரவாதமும் இல்லை என்று மற்றவற்றுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கூடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புறாக்களுக்கே உரிய அலட்சியத்தோடு குச்சிகளை அடுக்கி வைத்த ஒரு மேடை, அவ்வளவுதான். ஆனால் கூட்டமாகக் கட்டும். ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். ஒரு கூட்டில் ஒரே ஒரு முட்டை, மெல்லிய நீலம் ஓடிய வெள்ளை நிறம். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் எல்லாப் புறாக்களையும்போல இரண்டுமே தீனிப்பையின் உட்சுவரிலிருந்து சுரக்கும் புறாப்பாலை ஊட்டும்.

ஒரு கூட்டுக்கு ஒரு முட்டை, எல்லாரும் ஒரே இடத்தில் கூடு. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எதிரி இல்லாத தீவில் இது நல்ல ஏற்பாடு. ஒரு முட்டை போதும், அது பிழைத்துவிடும். ஆனால் அந்தத் தீவில் ஒரு படகிலிருந்து எலி இறங்கினாலோ, யாராவது பூனையைக் கொண்டுவந்து விட்டாலோ, வேட்டைக்காரர் ஒருவர் கூடுகட்டும் காலத்தைத் தெரிந்துகொண்டாலோ, சுற்றியுள்ள பல தீவுகளின் புறாக்கள் ஒரே சமயத்தில் அடிவாங்கும். இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்டும் அளவுக்கு முட்டையும் கிடையாது.

பெயரில் நிக்கோபார் இருந்தாலும் அது நிக்கோபாருக்கு மட்டும் சொந்தமான பறவை இல்லை. 1758-ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தபோது இந்தத் தீவுகளின் பெயரைச் சூட்டினார், அது நிலைத்துவிட்டது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் "மாநக்கவாரம்" என்று வரும் அதே தீவுக்கூட்டம்தான். இந்தப் புறாவின் பரப்புக்கு அது மேற்கு எல்லை. அங்கிருந்து கிழக்கே மியான்மரின் மெர்குய் தீவுகள், தாய்லாந்து, மலேசியா, கம்போடியா, வியட்நாம் கரையோரத் தீவுகள், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூகினியைச் சுற்றிய தீவுகள் என்று போய் சாலமன் தீவுகள் வரை உண்டு. நேர்கோட்டில் அளந்தால் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். பசிபிக்கின் பலாவ் தீவுகளில் இருப்பதைத் தனித் துணையினமாகப் பிரித்திருக்கிறார்கள்.

வரைபடத்தில் இந்தப் பரப்பை ஒரே வண்ணத்தில் பூசிக் காட்டும்போது ரொம்ப ஏராளமாக இருப்பதுபோல் தோன்றும். நிஜத்தில் அந்த வண்ணத்தின் பெரும்பகுதி கடல். பெரிய தீவுகளின் உட்காட்டிலும் பெருநிலத்திலும் இது அரிது. கடலில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளில்தான் இதன் வாழ்க்கை. நம் மலபார் கரைக்கோ சோழமண்டலக் கரைக்கோ இது வராததற்கும் காரணம் அதுதான். இடையில் காலூன்றத் தீவில்லாத வங்கக்கடல் பரந்து கிடக்கிறது.

எப்போதாவது ஒன்று வழிதவறித் தொலைவில் போய் இறங்குவதும் உண்டு. 2017-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி கரையில், பார்டி ஜாவி என்ற பூர்வகுடியினரின் வனக் காவலர்கள் ஒரு நிக்கோபார் புறாவைப் பார்த்தார்கள். அந்த நாட்டின் தொற்றுத் தடுப்பு விதிகள் கடுமையானவை. கடல் தாண்டி வந்த பறவையைத் திரும்ப வெளியில் விட அனுமதிக்கவில்லை, கடைசியில் அடிலெய்டு விலங்குப் பூங்காவுக்குப் போனது. அத்தனை கடல் தாண்டிக் கூண்டுக்கா வந்தது என்று வருத்தமாக இருந்தாலும், விதியின் நியாயம் புரிகிறது.

இனி டோடோ. 2002-ல் பெத் ஷாபிரோவும் சக ஆய்வாளர்களும் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் டோடோவின் எச்சத்திலிருந்து மரபணுத் துண்டுகளை எடுத்து மற்றப் புறாக்களோடு ஒப்பிட்டார்கள். டோடோவுக்கு மிக நெருங்கியது இந்தியப் பெருங்கடலின் ரோட்ரிக்ஸ் தீவில் வாழ்ந்து அழிந்த சாலிட்டேர் என்ற பறவை. உயிரோடு இருப்பவற்றில் நெருங்கியது நிக்கோபார் புறா. சரி, எவ்வளவு நெருக்கம்? அந்த ஆய்வின் கணக்குப்படி இரண்டு கிளைகளும் பிரிந்து சுமார் 4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டோடோ வாழ்ந்த மொரீஷியஸ் தீவு கடலிலிருந்து எழுந்தே சுமார் 80 லட்சம் ஆண்டுகள்தான் இருக்கும். அதாவது டோடோவின் முன்னோர்கள் இன்று கடலுக்கடியில் மூழ்கிவிட்ட வேறு தீவுகளின் வழியாகத் தாவித் தாவி வந்திருக்க வேண்டும். தீவு விட்டுத் தீவு போகும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் பழசு என்று இதை வைத்து ஊகிக்கலாம். ஒரு கிளை வந்த இடத்தில் தங்கிப் பறப்பதையே மறந்தது, இன்னொரு கிளை இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.

எனக்கு மரபணுவைவிடச் சுவாரசியமாகப் படும் ஒற்றுமை வயிற்றுக்குள் இருக்கும் கல். 1691 முதல் சுமார் இரண்டாண்டு ரோட்ரிக்ஸ் தீவில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா லெகா, சாலிட்டேரின் அரைவைப்பையில் கோழிமுட்டை அளவுக் கல் ஒன்று எப்போதும் இருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கல்லில் அவர்கள் கத்தி தீட்டினார்களாம். டோடோவின் வயிற்றிலும் கல் இருந்ததாக அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன.

2023 தொடக்கத்தில் கொலோசல் பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டோடோவைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக அறிவித்ததும் நிக்கோபார் புறாவின் பெயர் திடீரென்று செய்திகளில் அடிபட்டது. இந்தப் புறாவின் இனப்பெருக்க உயிரணுக்களின் முன்னோடிகளை எடுத்து, மரபணுவை டோடோவின் பக்கமாகத் திருத்தி, கோழியைச் செவிலித்தாயாக வைத்து வளர்ப்பது அவர்கள் யோசனை. அது நடந்தாலும் கிடைக்கப்போவது டோடோபோல் தெரியும் ஒரு திருத்தப்பட்ட புறாவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. அதற்காக மற்ற ஆராய்ச்சியெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. புறா இனங்களின் உயிரணுக்களைச் சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டால் அழிவின் விளிம்பில் இருக்கும் மற்றப் பறவைகளுக்கு உதவும்.

டோடோவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நிக்கோபார் புறாவின் சொந்தப் பேரினத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது ஒரு குறை. இந்தப் பேரினத்தில் இன்னும் இரண்டு இனங்கள் இருந்தன. ஒன்று நியூ கலிடோனியாவிலும் டோங்காவிலும் எலும்பாக மட்டும் கிடைத்தது. நிக்கோபார் புறாவைவிடக் கால் பங்கு பெரியது. மனிதர்கள் படகில் வந்து குடியேறிய பிறகு அழிந்தது. இன்னொன்று உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பச்சைப் புறா. உலகத்தில் அதன் பதப்படுத்திய உடல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, இங்கிலாந்தின் லிவர்பூல் அருங்காட்சியகத்தில். எங்கே பிடித்தார்கள் என்றுகூடக் குறிப்பு இல்லை. 2014-ல் அதன் இறகிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தபோதுதான் நிக்கோபார் புறாவின் நெருங்கிய உறவு என்று உறுதியானது. மூன்றில் இரண்டு போய்விட்டன, மிஞ்சியது இது ஒன்று. அது மிஞ்சியதற்கு ஒரே தீவை நம்பியிராமல் ஏழாயிரம் கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி.

நிக்கோபாரில் இந்தப் புறாவுக்குப் பேர்போன இடம் பட்டிமால்வ் என்ற குட்டித் தீவு. கார் நிக்கோபார், தெரெசா என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவில், பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர் அளவு, குடியிருப்பு இல்லை. சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார் தீவுகள் பட்ட அடி நமக்குத் தெரியும். கிரேட் நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கும்படி ஆனது. கிரேட் நிக்கோபாருக்கு மேற்கே சரணாலயமாக இருந்த மெகாபோட் தீவு மூழ்கியே போய்விட்டது. கரையோரக் காடுகள் உப்புநீரில் நின்றபடியே பட்டுப்போயின. பட்டிமால்வில் கலங்கரை விளக்கம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. 2007-ல் கடலோரக் காவல்படைக் கப்பல் போய்ப் பார்த்தபோது அந்தக் கோபுரத்தைக் கொடிகள் முழுக்க மூடியிருந்தன.

இப்படி ஒரு பேரலை ஒரு தீவையே தின்றுவிடக்கூடிய இடத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்தப் பறவை பிழைத்திருக்கிறதென்றால், ஒரு தீவு போனால் இன்னொரு தீவு இருந்தது என்பதுதான் காரணம். ஆக அதன் வாழிடம் என்று நாம் குறிக்க வேண்டியது கூடு கட்டும் தீவு, மேயும் தீவு, அது கெட்டால் மாறிப்போகும் தீவு, நடுவில் இருட்டாகவும் அமைதியாகவும் இருக்கும் கடல், எல்லாம் சேர்த்துத்தான்.

இந்தக் கண்ணோடு கிரேட் நிக்கோபார் திட்டத்தைப் பாருங்கள். தீவின் பரப்பு சுமார் 910 சதுர கிலோமீட்டர். சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் எல்லாவற்றுக்குமாகச் சுமார் 166 சதுர கிலோமீட்டர், அதில் காட்டு நிலம் சுமார் 130. நீங்கள் சொல்வதுபோல ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். காம்ப்பெல் பே, கலத்தியா என்று இரண்டு தேசியப் பூங்காக்களும் தீவில் இருக்கின்றன. எண்களில் தவறில்லை. ஆனால் எல்லாச் சதுர கிலோமீட்டரும் ஒன்றல்ல. கட்டுமானம் வருவது பெரிதும் கடலை ஒட்டிய தாழ்நிலத்தில், புன்னையும் தாழையும் நாட்டு வாதுமையும் நிற்கும் கரைக்காட்டை ஒட்டி. கடலைத் தாண்டி வரும் பறவை முதலில் இறங்குவது கரையில். நடுத்தீவின் மலைக்காடு பத்திரமாக இருக்கிறது என்பது அதற்கு அரை ஆறுதல்தான்.

இரண்டாவது, எலி. துறைமுகம் என்றால் கப்பல், கப்பல் என்றால் எலி. உலகம் முழுக்கத் தீவுப் பறவைகளை அழித்ததில் மரம் வெட்டும் கோடரிக்குச் சற்றும் குறையாத பங்கு எலிக்கும் பூனைக்கும் உண்டு. பெரிய தீவில் இறங்கிய எலி அக்கம்பக்கத்துக் குட்டித் தீவுகளுக்குச் சின்னப் படகுகளில் போய்விடும். கிரேட் நிக்கோபாருக்கு வடக்கே, லிட்டில் நிக்கோபாரைச் சுற்றிக் கொண்டுல், மெஞ்சல், மெரோ, டிரெய்ஸ், டிராக் என்று குட்டித் தீவுகள் கிடக்கின்றன. பெரிய தீவில் மரம் நின்றாலும், கூடு கட்டும் குட்டித் தீவில் எலி ஏறினால் அடுத்த தலைமுறை இல்லை.

மூன்றாவது, விளக்கு. மங்கிய வெளிச்சத்தில் கடல் தாண்டும் பறவைக்கு இரவு முழுக்க எரியும் துறைமுகம் என்ன செய்யும் என்பதை மற்றக் கடல் பறவைகளை வைத்து ஊகிக்கலாம். நல்லதாக இருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

திட்டத்தின் பக்கமும் ஏதும் செய்யாமல் இல்லை. 2022-ல் மூன்று சரணாலயங்கள் அறிவித்தார்கள்: லிட்டில் நிக்கோபாரில் தோணி ஆமைக்கு, மெஞ்சலில் மெகாபோட் பறவைக்கு, மெரோவில் பவளப்பாறைக்கு. மெகாபோட் என்பது மண்ணைக் குவித்து அதற்குள் முட்டையிடும் நிக்கோபாரின் தனிப்பறவை, அதற்கு நியாயமாகவே கவனம் கிடைத்தது. இந்த மூன்றில் புறாவுக்கு என்று எதுவும் இல்லை. குட்டித் தீவுகளை மனிதர் காலடி இல்லாமல் விடுவது அதற்கும் உதவும், அதனால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெட்டப்படும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவது என்ற ஏற்பாடு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஹரியானாவுக்கு மரம் நல்லதுதான். அதற்கும் நிக்கோபாரின் எந்த உயிருக்கும் தொடர்பில்லை.

எல்லாப் பழியையும் இந்த ஒரு திட்டத்தின் மேல் போடுவதும் சரியில்லை. இந்தப் பறவைக்கு நெருக்கடி பழசு. அதன் பரப்பு முழுக்க இறைச்சிக்காக வேட்டையாடினார்கள். வயிற்றுக்கல்லை நகையில் பதிப்பதற்காகக் கொன்றார்கள். அழகுக்காகப் பிடித்து விற்றார்கள். அப்புறம் தோட்டம். தென்னைக்காகவும் மற்றப் பயிர்களுக்காகவும் கூடு கட்டும் தீவுகளே மொட்டையடிக்கப்பட்டன. நம்மவர்கள் கதையும் இதில் ஓரமாக வருகிறது. நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டம் போட்டு, 1970-களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல ஏதுமில்லை, போகச் சொன்ன இடத்துக்குப் போய்ப் பால் வெட்டிப் பிழைத்தார்கள். காட்டை எங்கே திருத்துவது என்ற முடிவு அவர்கள் கையில் இருக்கவில்லை.

இன்றைக்கு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தப் புறாவை "அச்சுறுத்தலை நெருங்கும் இனம்" என்ற பிரிவில் வைத்திருக்கிறது. அதாவது அழியும் தறுவாயில் இல்லை, ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் முதல் இணைப்பில் இருப்பதால் காட்டில் பிடித்து நாடு விட்டு நாடு விற்க முடியாது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. ஆக, "அழிந்துவிடுமா" என்றால், உலகத்திலிருந்து இல்லை. இந்தியாவிலிருந்து போகலாமா என்றால், போகலாம். நம் நாட்டில் இதற்கு இருக்கும் ஒரே இடம் அந்தமான் நிக்கோபார் தீவுகள்தான், அங்கே கூடு கட்டும் தீவுகள் ஒன்றிரண்டு கெட்டாலே கதை முடிந்துவிடும். துறைமுகம் வருவதும் வராததும் அரசியல் முடிவு. வந்தால்கூடக் குட்டித் தீவுகளில் எலி ஏறாமல் பார்ப்பதும், கூடு கட்டும் காலத்தில் யாரும் இறங்காமல் தடுப்பதும் செய்யக்கூடிய காரியங்கள். செலவும் அதிகமில்லை. ஆனால் கவர்ச்சியில்லாத வேலை என்பதால் யாரும் அறிவிப்பில் சேர்ப்பதில்லை.

கடைசியாக, எங்கே பார்க்கலாம். நிக்கோபார் தீவுகளின் பெரும்பகுதி 1956-ன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் காப்பகம். நிக்கோபாரிகளும் ஷோம்பேன்களும் வாழும் இடங்கள் அவை. சுற்றுலாவாகப் போய்ப் பறவை பார்க்க அங்கே வழியில்லை, இருக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பே வரை போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போய் வருகிறவர்கள் உண்டு. ஆனால் கடலில் நீண்ட பயணம், பறவை கண்ணில் படும் என்ற உறுதியும் இல்லை.

நிஜமாகவே பார்க்க ஆசையென்றால் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளுக்குப் போங்கள். தேசியப் பூங்கா, அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை மட்டும் திறந்திருக்கும். நான்காம் தீவு என்று அழைக்கப்படும் மியாங் தீவில் உணவுக்கூடத்துக்குப் பின்னால் மரத்தடிகளில் இவை கோழிபோல் நடந்து திரியும். நான் பார்த்தது அங்கேதான். பெரும்பாலான பயணிகள் சோற்றுத் தட்டோடு அவற்றைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2018 முதல் இரவு தங்க அனுமதி இல்லை, பகல் படகில் போய்த் திரும்ப வேண்டும். அதனால் அந்தியில் வரிசை கட்டிக் கடல் தாண்டுவதைப் பார்ப்பது கடினம், ஆனால் பட்டப்பகலில் மேய்வதைத் தாராளமாகப் பார்க்கலாம். படகு போய் இறங்கியதும் கூட்டத்தோடு கடற்கரைக்கு ஓடாமல் நிழலான பக்கம் அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள், சருகு புரளும் சத்தம் வரும் திசையைப் பாருங்கள். தீனி மட்டும் போடாதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, மண்டாயில் இருக்கும் பறவைப் பூங்காவிலேயே பார்க்கலாம்.